பதினொரு துண்டுகளில் வைத்த முத்திரை

கயல், முத்து,

சங்கத்தில் எனக்குக் கொடுத்த வெல்வெட் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, உள்ள ஒண்ணுமே இல்லை?" என்று இரண்டு பேரும் கேட்டீர்கள். அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். உங்கள் அம்மாவுக்கு மட்டும் பாதி தெரியும். நீங்கள் இப்போது ஆளுக்கொரு வேலையில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருக்கிறீர்கள். அதனால் முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். எழுத்தில் குறை இருந்தால் முத்து திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

தொட்டியத்திலிருந்து வந்து ஃபிட்டர் படிப்பு முடித்து, அரியமங்கலத்தில் இரண்டு பட்டறைகளில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். அளக்கவும், குறிக்கவும், விரலில் அடி வாங்காமல் சுத்தியல் பிடிக்கவும் கற்றுக்கொண்டேன். அதைத் தாண்டி அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு எங்கள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் சிறுதொழில் சங்கத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். முப்பத்திரண்டு வருஷம் அங்கேயேதான்.

சங்கம் என்ன செய்கிறது என்று சின்ன வயதில் முத்து கேட்பான். மேடையில் "வட்டாரப் பொருளாதார வளர்ச்சி" என்று பேசுவார்கள். நான் பார்த்தது டிரான்ஸ்பார்மருக்கு மனு, எஸ்டேட் வாசலில் பஸ் நிற்க மனு, வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய கம்பெனி கொள்முதல் அதிகாரிகளைக் கூப்பிட்டு நம் பட்டறைக்காரர்களை அவர்கள் எதிரே உட்கார வைப்பது. இதெல்லாம் எல்லாச் சங்கமும் செய்வதுதான். எங்கள் சங்கம் செய்த தனியான காரியம் ஒன்று உண்டு. அது என் சட்டைப்பையில் இருந்தது.

கொஞ்சம் விளக்கினால்தான் மற்றது புரியும். பெரிய தொழிற்சாலை ஒன்று கொதிகலன் வேலைகளை நம் பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். இரும்பு பிளேட்டையும் அவர்களே அனுப்புவார்கள். ஒவ்வொரு பிளேட்டிலும் ஒரு எண் குத்தியிருக்கும். அதை ஹீட் நம்பர் என்போம். எந்த உலையில், எந்தத் தடவை உருக்கிய இரும்பு என்று அந்த எண்ணை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். பிளேட்டை வெட்டினால் எண் ஒரு துண்டில் மட்டும் தங்கிவிடும். அதனால் வெட்டுவதற்கு முன்னாலேயே, குறித்த ஒவ்வொரு துண்டின் மேலும் அந்த எண்ணைக் குத்திவிட வேண்டும். குத்தியதைப் பார்த்த இன்ஸ்பெக்டர் பக்கத்தில் தன் முத்திரையை அடிக்க வேண்டும். அப்புறம்தான் வெட்டலாம். எண் இல்லாத துண்டு, தங்கமாகவே இருந்தாலும் காயலான் கடைக்குத்தான் போகும்.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்கள் நாலே பேர். அவர்களில் ஒருவர் வரும் வரைக்கும் பிளேட் தரையில் கிடக்கும், ஆட்கள் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நாலு நாள், ஐந்து நாள். சின்னப் பட்டறைக்காரனுக்கு அதிலேயே மூச்சு முட்டிவிடும். எங்கள் செயலாளர் வரதன் சார் தொழிற்சாலைக்கு ஒரு வருஷம் நடையாய் நடந்து ஒரு ஏற்பாட்டை வாங்கினார். சங்கத்தின் ஆள் ஒருவர் பார்த்து முத்திரை வைத்தால் அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அந்த ஆள் நான். விரல் நீளத்தில், சுத்தியலால் அடித்துக் குறி பதிக்கிற ஒரு எஃகு பஞ்ச், அதன் முகத்தில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் 1 என்ற எண். காலையில் போன் வந்தால் மதியத்துக்குள் வெட்ட ஆரம்பித்தார்கள். ஒரு ஷெட் வைத்திருந்தவர்கள் பக்கத்து ஷெட்டையும் வாடகைக்கு எடுத்தார்கள். நான் கண்ணால் பார்த்த வளர்ச்சி அதுதான்.

வரதன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வீடு. நெற்றியில் ஸ்ரீசூர்ணம், சட்டைப்பையில் வெர்னியர் அளவுகோல். காவிரிப் பாலத்தைத் தாண்டி மொபெட்டில் எட்டரைக்கு வந்துவிடுவார். குரல் உயர்த்தி ஒரு நாளும் கேட்டதில்லை. முத்திரை வைக்க அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது. ஒருவர் பிளேட்டைப் பார்த்து எண்ணை உரக்கப் படிக்க வேண்டும். இன்னொருவர், பிளேட்டோடு தொழிற்சாலை அனுப்பிய சர்ட்டிபிகேட்டைப் பார்த்துக்கொண்டு கேட்க வேண்டும். பிறகு இடம் மாறி, காகிதத்தில் இருந்தவர் பிளேட்டுக்கும், பிளேட்டில் இருந்தவர் காகிதத்துக்கும் வந்து, மறுபடி படிக்க வேண்டும். "ஒரே கண்ணு ரெண்டு தடவை பார்த்தா ஒரே தப்பைத்தான் ரெண்டு தடவை பார்க்கும்ப்பா" என்பார். மறுநாள் காலை ரிஜிஸ்டரைத் திறந்து, முந்தின நாள் நான் எழுதிய ஒவ்வொரு வரி மேலும் விரலை வைத்து, "பார்த்தியோ?" என்று கேட்பார். "பார்த்தேன் சார்" என்றால் ஒரு சின்னக் கையெழுத்து. பத்து வரி இருந்தால் பத்து தடவையும் கேட்பார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் வினை.

பஷீர் பாய் அப்போதுதான் சவூதியில் பத்து வருஷம் வெல்டராக இருந்துவிட்டு வந்து பட்டறை போட்டிருந்தார். பாலக்கரைக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்போடுதான் சொல்வார். முதல் ஆர்டராக நீராவிக் குழாயைத் தாங்கிப் பிடிக்கிற பட்டைகள் பன்னிரண்டு கிடைத்தது. சாதாரண இரும்பு இல்லை, சூடு தாங்குகிற கலப்பு இரும்பு. சொன்ன தேதியில் கொடுத்தால்தான் தொழிற்சாலைப் பட்டியலில் அவர் பெயர் ஏறும். இல்லையென்றால் மறுபடி சவூதிதான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பிளேட் லாரியில் வந்து இறங்கிய சாயங்காலம் நானே போய் எண்ணைப் படித்துப் பார்த்தேன். "நாளைக்குக் காலை பத்து மணிக்கு வந்துடறேன் பாய், குறிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை கயலுக்குக் காதில் சீழ் வடிந்தது. அப்போது உனக்கு மூன்று வயது. அம்மா முத்துவை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். தில்லை நகர் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டோக்கன் முப்பதுக்கு மேல். ஒரு மணி நேரம்தானே என்று நினைத்தேன். எதிரே எஸ்.டி.டி. பூத் இருந்தது. சங்கத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் யாராவது பாய் பட்டறைக்கு நடந்துபோய்ச் சொல்லியிருப்பார்கள். போடவில்லை. உன்மேல் குற்றமே இல்லை கயல், அந்த போன் நான் போட வேண்டியது.

பட்டறைக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்று ஆகப்போகிறது. பிளேட் இல்லை. பன்னிரண்டு துண்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றில் மட்டும் பழைய எண் இருந்தது. பதினொன்று வெறும் இரும்பு.

"என்ன பாய் இது, வெட்டிட்டீங்களா?"

"மணி, நீங்கதானே பத்து மணின்னீங்க. பன்னெண்டு வரைக்கும் தெரு முனையில நின்னேன், உங்க மொபெட் சத்தம் கேக்குதான்னு. கேஸ்ல வெட்டற கட்டர்காரன் ஒரு மணிக்குத் துவாக்குடி போவணும்ங்கறான். விட்டா அடுத்த வாரந்தான் கிடைப்பான். நான் என்னங்க பண்ணட்டும்?"

"நம்பர் குத்திட்டாவது வெட்டியிருக்கலாமே."

"உங்க முத்திரை இல்லாம நான் குத்தினா என்ன, குத்தாட்டி என்ன? ரெண்டும் ஒண்ணுதான்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், வீட்ல யாருக்காச்சும் முடியலையா?" என்றார்.

சொன்னேன்.

"பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு? தூங்குதா?"

அந்தக் கேள்வியில்தான் நான் விழுந்தேன். அவர் சண்டை போட்டிருந்தால் சட்டம் பேசியிருப்பேன்.

"நேத்து நீங்கதானே படிச்சீங்க?" என்றார் பாய். "ஷெட்டைச் சுத்திப் பாருங்க. வேற பிளேட் ஏதாவது கண்ணுக்குத் தெரியுதா? அல்லா மேல ஆணையா சொல்றேன், எல்லாம் அதே பிளேட்டுதான்."

சுற்றிப் பார்த்தேன். வேறு பிளேட் இல்லை. எண்ணைப் பதினொரு துண்டிலும் குத்தச் சொன்னேன். பக்கத்தில் என் முத்திரையை வைத்து அடித்தேன். பதினொரு அடி. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. படிப்பதும் இடம் மாறுவதும் ஒன்றும் நடக்கவில்லை. ரிஜிஸ்டரில் "பன்னிரண்டு துண்டு, வெட்டுமுன் பார்த்தது" என்று எழுதினேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு வரதன் சார் ரிஜிஸ்டரைத் திறந்தார். முதல் வரியில் விரல் வைத்தார். "பார்த்தியோ?" "பார்த்தேன் சார்." இரண்டாவது வரி பஷீர் பாயுடையது.

"பார்த்தியோ?"

"பார்த்தேன்" என்ற அந்த ஒரு சொல்லை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அன்றைக்குச் சொன்னால் அது பொய். அவர் விரலை எடுக்கவே இல்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. மொபெட் சாவியை எடுத்துக்கொண்டு, "வா" என்றார்.

பாய் பட்டறையில் துண்டுகளைத் தரையில் வரிசையாகப் பரப்பச் சொன்னார். சர்ட்டிபிகேட்டைத் தான் கையில் பிடித்துக்கொண்டார். "படி" என்றார். முதல் துண்டின் எண்ணைப் படித்தேன். "இந்த நம்பரை வெட்டறதுக்கு முன்னாடி இந்தத் துண்டுல நீ பார்த்தியோ?" என்றார். "பார்க்கலை சார்." "சரி. அடுத்தது." பதினொரு துண்டுக்கும் அதே கேள்வி. பதினொரு தடவை நான் "பார்க்கலை சார்" என்று சொன்னேன். நாலு தொழிலாளிகள், பாய், பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர், எல்லாரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு இரும்பு தேய்க்கிற கிரைண்டரை என் கையில் கொடுத்து, "நீ வெச்சதை நீயே எடு" என்றார். பதினொரு முத்திரையையும் நானே தேய்த்து எடுத்தேன்.

பாய்க்கு அப்போதுதான் கோபம் வந்தது. "சார், இவர் வரலேன்னு நான் வெட்டினேன். இவர் வந்து வெச்சார். இப்ப நீங்க வந்து அழிக்கிறீங்க. நடுவுல நான் என்ன பந்தா? நீங்க, இவர், தொழிற்சாலைன்னு மூணு பேரும் சேர்ந்து எட்டி உதைக்கிறதுக்கு?"

"மூணு பேர் இல்லை பாய், ரெண்டு பேர். உதைச்சது நாங்கதான். நாங்களே போய்ச் சொல்றோம்" என்றார் வரதன் சார்.

தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்கள் ஆள் பார்க்காமல் முத்திரை வைத்தார், தாமதம் எங்களுடையது, பட்டறைக்காரர் மேல் தவறு இல்லை என்று மூன்றே வரி. விஷயம் தெரிந்ததும் மதியமே சங்கக் கட்டடம் நிரம்பிவிட்டது. ஏற்பாடு ரத்தானால் எல்லாரும் பழையபடி நாலு நாள் காத்திருக்க வேண்டும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும்.

"சார், இதை அனுப்பாதீங்க" என்றார் சங்கத் தலைவர். "துண்டைத் தூக்கிக் காயலான் கடையில போட்டுடலாம். பிளேட்டு விலையை நாமளே பகிர்ந்து கட்டிடலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"ஒருத்தன் பண்ணின தப்புக்கு எஸ்டேட்டே உக்காரணுமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அது என்னைத்தான்.

வரதன் சார் எழுந்து நின்று, "நாம அவாளுக்கு விக்கறது இரும்பு இல்லை. இரும்பு அவாளுது. நாம பார்த்தோம்னு சொல்ற வார்த்தை ஒண்ணுதான் நம்ம சரக்கு. அதுல கலப்படம் இருக்குன்னு தெரிஞ்சப்புறம் மூடி வெச்சு விக்க என்னால முடியாது. வேணும்னா வேற செயலாளர் பார்த்துக்கோங்கோ" என்றார். யாரும் கைதட்டவில்லை. முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். கடிதம் போனது.

இரண்டு நாள் கழித்துத் தொழிற்சாலையிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். ஒவ்வொரு துண்டிலும் ஓரத்தில் சின்னதாகத் துளை போட்டு, சீவலை எடுத்துத் தனித்தனிக் கவரில் போட்டு ஒட்டிப் பரிசோதனைக்கு எடுத்துப் போனார். பாய் ஒவ்வொரு கவருக்கும், "சார், எல்லாம் ஒண்ணுதான் சார், வீண் வேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உண்மையைச் சொன்னால், அப்படி வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படி வந்தால் நான் செய்தது அவசரம் மட்டும்தான், பொய் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம் இல்லையா?

பத்து துண்டு சரியாக வந்தது. ஒன்று சாதாரண இரும்பு.

அதிகாரி காகிதத்தைப் படித்ததும் பாய் நம்பவில்லை. மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு கட்டர்காரரைத் துவாக்குடியிலிருந்து கூப்பிட்டு வந்தார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டே, "பாய், தீ சரியா வருதான்னு பார்க்க முதல்ல ஒரு துண்டு வெட்டிப் பார்த்தேன்ல, வெளிய கிடந்த, உங்க வாசல் கேட்டுக்கு வாங்கின பிளேட்டு மிச்சத்துல? அதே கனம், அதே அளவு" என்றார். அந்தச் சோதனைத் துண்டு அடுக்கில் சேர்ந்துவிட்டது. பன்னிரண்டு எண்ணிப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். அசல் துண்டு ஒன்று வெட்டு மேஜைக்கு அடியில் கழிவுக் குவியலில் கிடந்தது. பாயே குனிந்து இழுத்து எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எங்கள் யார் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அந்தச் சாதாரணத் துண்டு என் முத்திரையோடு போயிருந்தால் கொதிக்கிற நீராவிக் குழாயை ஏதோ ஒரு ஊரில் தாங்கிக்கொண்டிருக்கும். சூட்டில் மெதுவாக இழுபட்டு, ஒரு நாள் விட்டுவிடும். கீழே யார் நின்றுகொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் ஒரு வீடு இருக்கும், காதில் சீழ் வடிகிற ஒரு பிள்ளை இருக்கும்.

மேஜைக்கு அடியில் கிடந்த துண்டையும் சோதித்துச் சேர்த்து, பாய் எட்டு நாள் தாமதமாகப் பன்னிரண்டையும் கொடுத்தார். தாமதம் சங்கத்தால் என்று கடிதத்திலேயே இருந்ததால் அவர் பெயர் பட்டியலில் ஏறியது. ஏற்பாடும் ரத்தாகவில்லை. ஆனால் மூன்று மாதம் என் பஞ்ச் வரதன் சார் பையில் இருந்தது. அறுபது வயதைத் தாண்டியவர், பட்டறை பட்டறையாக மொபெட்டில் போய்க் குனிந்து எண் படித்தார். நான் எதிரே காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏகாதசி அன்றும் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தார். எனக்குக் கொடுத்த தண்டனை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

மூன்று மாதம் முடிந்த அன்று காலை பஞ்ச் ரிஜிஸ்டர் மேல் இருந்தது. பக்கத்தில் புதிதாக இன்னொன்று, 2 என்ற எண்ணோடு. "பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னா ஆபீசுக்குப் போன் பண்ணு. ரெண்டாவது ஆள் போவான்" என்றார். ஒரு பட்டறைக்காரன் ஒரே ஆளுக்காகத் தெரு முனையில் நிற்கக்கூடாது என்று அன்றிலிருந்து விதி வைத்தோம். நான் வேலையை விடும்போது அந்த வரிசை ஐந்து வரை போயிருந்தது.

அந்தக் கடிதம் எப்படியோ வெளியே தெரிந்தது. கொள்முதல் அதிகாரிகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள் போலிருக்கிறது. அடுத்த வருஷக் கூட்டத்தில் வெளியூர்க் கம்பெனிக்காரர் ஒருவர் பாயின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, "தன் ஆள் தப்பைத் தானே எழுதிக் கொடுத்த சங்கம் இதுதானே?" என்று கேட்டார். பாய் என்னைக் கைகாட்டி, "அந்த ஆளும் இவர்தான் சார், நல்லாப் பார்த்துக்கோங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆர்டர் கிடைத்தது. அன்று மாலை டீ குடிக்கும்போது மட்டும் பாய் மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு அல்லா மேல ஆணையிட்டேன்ல மணி? நான் பொய் சொல்லலை. ஆனா சொன்னது நெசமும் இல்லை."

இப்போது லேசரில் எண் பொறிக்கிறார்கள். போனில் படம் எடுத்து அங்கிருந்தே அனுப்புகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னிடம், "சார், எல்லாம் போட்டோவுல வந்துடுதே, ஆள் எதுக்குப் போய்ப் படிக்கணும்?" என்று கேட்டார்கள். போட்டோ எடுக்கும்போது வெட்டியாகிவிட்டதா இல்லையா என்று மட்டும் பாருங்கள் என்றேன். வேறு அறிவுரை எனக்குத் தெரியவில்லை.

என் பஞ்ச்சை வெல்வெட் பெட்டியில் வைத்து, மாலை போட்டு, பிரிவு விழாவில் கொடுத்தார்கள். வரதன் சார் இல்லை, காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. பாயின் மகன் வந்து பொன்னாடை போர்த்தினார். பிறகு எல்லாரும் சாப்பாட்டுக்கு மாடிக்குப் போனார்கள். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் கீழேயே நின்றேன்.

பின்பக்கக் கூடத்தில் கிரைண்டர் இருந்தது. பெட்டியைத் திறந்து பஞ்ச்சை எடுத்தேன். வட்டமும் 1-ம் இன்னும் கூர்மையாகத்தான் இருந்தது. யார் வீட்டு அலமாரியில் இருந்தாலும் ஒரு சுத்தியல் போதும், அது அடித்த இடத்தில் "பார்த்தேன்" என்று விழுந்துவிடும். கிரைண்டரைப் போட்டு முகத்தை வைத்தேன். முதலில் எண் போனது, பிறகு வட்டம். விரலால் தடவிப் பார்த்தேன், சுட்டது, வழவழவென்று இருந்தது.

ரிஜிஸ்டரை எடுத்து, "முத்திரை எண் 1, முகம் தேய்த்து அழிக்கப்பட்டது" என்று எழுதி, "செய்தவர்" என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த கட்டம் "பார்த்தவர்". கூடத்தில் யாரும் இல்லை. அதைக் காலியாக விட்டேன். மறுநாள் காலை வருகிறவர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும் என்று, மழுங்கின பஞ்ச்சை அந்த வரியின் மேல் வைத்துவிட்டு, வெறும் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.